செந்தூல் ரயில்வே குடியிருப்பில் நின்ற தூங்குமூஞ்சி மரம்

செந்தூல்வாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரின் பழைய குடியிருப்புகளைப் பற்றி இங்கே பலரும் எழுதி வருகிறீர்கள். வீடுகள், கோயில்கள், கடைகள், பந்து விளையாடிய திடல்கள் எல்லாம் வந்துவிட்டன. அங்கே நின்ற மரங்களைப் பற்றி மட்டும் எவரும் எழுதக் காணோம். ஆகவே, எங்கள் வீட்டு வரிசைக்கு எதிரே நின்ற ஒரு தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி நான் எழுதி வைக்கிறேன். அதை அறிந்தவர்கள் சிலராவது இன்னும் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் தந்தையார் செந்தூல் ரயில்வே பட்டறையில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை செய்தார். குடியிருப்பின் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த புல்வெளியில் அந்த மரம் நின்றது. பெரியவர்கள் பலர் கைகோத்து நின்றாலும் வளைக்க முடியாத அடிமரம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலேயே பெருங்கிளைகள் பிரிந்து, எங்கள் வரிசைக் கூரையையும் எதிர் வரிசைக் கூரையையும் ஒருசேரத் தொட்டுக்கொண்டிருந்தன. கல்யாணப் பந்தல் போடுவதும், தீபாவளிக்கு மாவு இடிப்பதும், வேலைநிறுத்தம் பற்றித் தொழிற்சங்கக்காரர்கள் பேசுவதும் அதன் அடியில்தான். காய்க்கும் பருவத்தில் கறுத்த, தட்டையான காய்கள் விழுந்து கிடக்கும். ஒடித்தால் உள்ளே பிசுபிசுப்பான சதை இருக்கும். வெல்லப்பாகு போன்ற மணம் வீசும். நாங்கள் அதை நக்கிப் பார்ப்போம். பால்காரர் கோணியோடு வந்து மாட்டுக்காகப் பொறுக்கிக்கொண்டு போவார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். மலாய்க்காரர்கள் இந்த மரத்தைப் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். மாலையானதும் அதன் சிற்றிலைகள் இணை இணையாக மடிந்து தொங்கிவிடும். மாலை வேலைகளுக்கு என் தாயார் கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. இலை மடியத் தொடங்கியதும் கொடியில் காயும் துணிகளை எடுப்பார். பாதி மடிந்ததும் எங்களைக் குழாயடிக்கு விரட்டுவார். முழுவதும் மடிந்து, அதுவரை அடைத்துக் கிடந்த வானம் கிளைகளுக்கிடையே தெரிந்ததும் சாமி விளக்கை ஏற்றுவார். குடியிருப்பில் பல வீடுகளில் இதுவே வழக்கம்.

1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாகும்படி, தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டது. பட்டறைச் சங்கு, பள்ளி மணி, வானொலிச் செய்தி எல்லாம் ஒரே நாளில் மாறிக்கொண்டன. “மணியைத் திருப்பிவிட்டார்கள், மரத்தைத் திருப்ப முடியுமா?” என்று சொல்லிவிட்டு, என் தாயார் அன்றும் இலை மடிந்த பிறகே விளக்கேற்றினார். அந்த வீட்டைக் காலி செய்யும் வரை அவர் அதை மாற்றிக்கொள்ளவே இல்லை. நேரம் என்பது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதையும், அதற்கு அடியில் வேறொரு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அந்த மரம்.

தண்ணீர்மலையான் எழுதியது:

செந்தூல் ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் பினாங்கில் என் தாத்தா சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பானியர் ஆட்சியில் மலாயா முழுவதும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது. அதுவரை இருந்த நேரத்தைவிட அது ஒன்றரை மணி முன்னே இருந்தது. ஐந்து மணி மரம் அப்போது ஆறரை மணிக்குமேல்தான் மடிந்திருக்கும். கடிகாரப்படி இரவு ஏழு மணி என்பார்களாம். வெயில் இன்னும் கட்டடச் சுவரில் அடித்துக்கொண்டிருக்குமாம். கூலியாட்கள் வீடு திரும்பும் வழியில் மரத்தைப் பார்த்துத்தான் ‘நம்முடைய மணி’ என்ன என்று பேசிக்கொள்வார்கள் என்று தாத்தா சொல்வார். 1945இல் ஆங்கிலேயர் திரும்பிய பிறகு பழைய நேரம் வந்தது. பிறகு 1982இல் நீங்கள் சொன்ன மாற்றம். ஒரே மரம் இத்தனை நேரங்களையும் பார்த்திருக்கிறது.

பினாங்கில் இந்த மரங்களை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அப்பால் உள்ள தாவரத் தோட்டத்துக்குப் போகலாம். அத்தோட்டம் 1884இல் தொடங்கப்பட்டது. தைப்பூசத்தன்று காவடி இறக்கிய பிறகு எங்கள் குடும்பத்தார் அந்த நிழலில்தான் கட்டுச்சோறு பிரிப்போம்.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

இருவருடைய பதிவுகளும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தன. இலை மடிவதற்கான காரணத்தை விளக்கினால் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

சமனேயா சமான் என்பது இம்மரத்தின் அறிவியல் பெயர். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்திலும், ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சற்றுப் பருத்த ஒரு கணு இருப்பதைக் கைக்கண்ணாடி இல்லாமலேயே பார்க்கலாம். அதைப் பல்வினஸ் என்கிறோம். அந்தக் கணுவின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசிய அயனிகள் வெளியேறும்போது நீரும் உடன் வெளியேறி அப்பக்கம் தளர்கிறது. எதிர்ப்பக்கச் செல்கள் நீரை ஏற்று விறைக்கின்றன. இலை மடிகிறது. காலையில் இதுவே தலைகீழாக நடக்கும். அமெரிக்கத் தாவரவியலாளர் ரூத் சாட்டர் இதே மரத்தின் இலைகளைக் கொண்டுதான் இந்த இயக்கத்தை விரிவாக ஆராய்ந்தார்.

வெளிச்சம் குறைவதால் மட்டும் இலை மடிகிறது என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. 1729இலேயே பிரான்சின் தெ மெரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தபோதும் அதன் இலைகள் நேரப்படி விரிந்து மூடியதைப் பதிவு செய்தார். தூங்குமூஞ்சி மரமும் அப்படியே. அதற்குள் ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றுடைய கடிகாரம் ஒன்று இருக்கிறது. சூரிய ஒளி அதை நாள்தோறும் சரிசெய்கிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஏறத்தாழ 20 நிமிட அளவுக்குள்ளேயே மாறுகிறது. ஆகவே செந்தூல் ஐயாவின் தாயார் மரத்தை நம்பியதற்கு வலுவான அறிவியல் அடிப்படை இருக்கிறது. வட நாடுகளில் வாழும் ஒருவர் மரத்தை நம்பி விளக்கேற்றினால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே பல மணி நேரம் வேறுபட்டுவிடும். நம் ஊரில் அந்தச் சிக்கல் இல்லை.

வானம் இருண்டு மழை வரும் பகலிலும் இலைகள் மடியும். அப்போது மழைநீர் தடையின்றி அடியில் இறங்குவதால், மரத்தடிப் புல் மற்ற இடங்களைவிடப் பசுமையாக இருக்கும். அவரை இனத்தைச் சேர்ந்த மரமாகையால் வேர் முடிச்சுகளின் வழியே மண்ணில் நைட்ரஜனும் சேர்கிறது.

கெப்போங் வாசகன் எழுதியது:

நினைவுகளை மதிக்கிறேன். ஆயினும் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தூங்குமூஞ்சி மரம் நம் நாட்டு மரம் அன்று. நடு அமெரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலிருந்தும் ஆங்கிலேயர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிழலுக்காகக் கொண்டுவரப்பட்டது. அகன்று படரும் கனத்த கிளைகள் நெருக்கமான நகரச் சாலைக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே 7 அன்று கோலாலம்பூரின் ஜாலான் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்ததையும், பல வாகனங்கள் நசுங்கியதையும் நாம் எல்லாரும் பார்த்தோம். அது எந்த வகை மரமாக இருந்தாலும், முதிர்ந்த மரங்களின் கீழ் நாள்தோறும் போகிறவர்களின் அச்சம் நியாயமானது.

கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களிலிருந்து உள்நாட்டு மரங்களை நட்டு வளர்த்த காடு இன்று உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. புக்கிட் நானாஸில் கோலாலம்பூர் கோபுரத்தைக் கட்டியபோது, நூறாண்டு கடந்த ஒரு ஜெலுத்தோங் மரத்தைக் காப்பாற்றுவதற்காகவே சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட் செலவில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். நம் அன்பை அத்தகைய மரங்களுக்குத் தந்தால் என்ன?

கிளைப்பணி எழுதியது:

நான் நெடுங்காலமாக மரம் பராமரிக்கும் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தூங்குமூஞ்சி மரங்களில் ஏறியிருக்கிறேன். கெப்போங் நண்பர் சொல்லும் அச்சத்தை நான் எவரையும்விட நன்கு அறிவேன். ஆனால் சாயும் மரத்தின் பூர்வீகத்தை ஆராய்வதைவிட, அதன் காலடியில் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே முறை.

பெரிய மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பரவியிருக்கும். கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் போயிருக்கும். கேபிள் பதிக்கவும் வடிகால் போடவும் நடைபாதை அமைக்கவும் ஒரு பக்கம் பள்ளம் தோண்டினால், அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்த வேர்கள் அறுந்துபோகும். மரம் அன்று சாயாது. இலை பச்சையாகவே இருக்கும். அறுபட்ட வேர் முனைகளில் பூஞ்சை ஏறி, சில ஆண்டுகள் கழித்து ஒரு காற்றில் அது விழும்போது, ‘திடீரென்று விழுந்தது’ என்பார்கள். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் கானோடெர்மா காளான் முளைத்திருந்தால் நான் ஏறவே மாட்டேன். மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பேன். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும், உள்ளே இற்றுப்போனது பொத்தென்று ஒலிக்கும். ஐயம் இருந்தால் கருவி வைத்துச் சோதிக்கச் சொல்வேன்.

இன்னொரு கேடு, கிளைகளை மொட்டையாக வெட்டுவது. ‘மழைக்காலம் வருகிறது, தலையை எடுத்துவிடுங்கள்’ என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். வெட்டிய தண்டின் நுனியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மரத்தின் உள்ளே ஊன்றாமல் மேற்பட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வளரும். வெட்டுவாய் வழியே நீர் இறங்கி உள்ளே இற்றுப்போகும். பாதுகாப்புக்காகச் செய்த வேலைதான் பின்னர் ஆபத்தாக வந்து நிற்கும். உள்நாட்டு மரத்தை இப்படி நடத்தினாலும் அதுவும் விழத்தான் செய்யும்.

மரத்துக்கு மரம் நட்டுவிட்டோம் என்று சொல்வதையும் நான் ஏற்பதில்லை. 30 மீட்டர் விரிந்த ஒரு மரம் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் நிழல் தருகிறது. 2 மீட்டர் விரிந்த கன்று தருவது 3 சதுர மீட்டர்தான். அந்த ஒரு மரத்தின் நிழலை ஈடுகட்ட அன்றைக்கு இருநூறுக்கு மேற்பட்ட கன்றுகள் வேண்டும். கணக்கு வைப்பவர்கள் அடிமரத்தை எண்ணுகிறார்கள். வெயிலில் நிற்கும் மனிதனுக்கு வேண்டியது மேலே இருக்கும் விரிவு.

எதிர்வரிசை அக்கா எழுதியது:

செந்தூல் தம்பி, நான் உங்கள் எதிர் வரிசையில் குடியிருந்தவள். உங்கள் தாயாரையும் அறிவேன். நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் அந்த மரத்தோடு நாள்தோறும் பாடுபட்டவர்கள் நாங்கள் என்பதையும் எழுத வேண்டும்.

இலை உதிரும் நாட்களில் காலையிலும் மாலையிலும் கூட்டினாலும் தரை தெரியாது. சிற்றிலைகள் கூரைத் தகரத்தின் தாழ்வாரத்தில் அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் தண்ணீர் அடுப்படிக்குள் வழியும். சில்வண்டுகள் கத்தும் பருவத்தில் மேலிருந்து நுண்ணிய துளிகள் சொட்டிக்கொண்டே இருக்கும். அவை பூச்சிகள் கழிக்கும் நீர் என்று பின்னாளில் அறிந்தேன். வெள்ளைப் பள்ளிச் சீருடையை அதன் கீழ் உலர்த்தினால் திரும்பவும் துவைக்க வேண்டும். சுமத்திராக் காற்று அடிக்கும் விடியற்காலைகளில் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு கூரையின் மறுபக்கத்து அறைக்குப் போய்விடுவேன். அந்த அச்சம் பொய்யன்று.

அப்படியிருந்தும் அந்த மரத்தை வெட்டச் சொல்லி எங்கள் வரிசையிலிருந்து ஒருவர்கூட மனுக் கொடுத்ததில்லை. அதற்குக் காரணம் நிழல் மட்டும் இல்லை. கிளைகளின் மேல் காக்கைக்கூட்டுப் பெரணிகள் தொட்டி தொட்டியாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு இடையே புறா ஆர்க்கிட் படர்ந்திருந்தது. பெருமழை பெய்து ஊர் சட்டென்று குளிர்ந்தால், ஒன்பது நாள் கழித்து அத்தனை கொடிகளிலும் வெள்ளைப் பூக்கள் ஒரே காலையில் பூக்கும். மரம் முழுவதும் மணக்கும். மாலைக்குள் வாடிவிடும். எங்கள் மரத்தில் பூத்த அன்றே பட்டறை வாசல் மரத்திலும் கோயில் பின்புற மரத்திலும் பூத்திருக்கும். கிளையிலிருந்து எட்டியதைப் பறித்து அம்மனுக்கு வைப்போம். மழை பெய்த நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்தக் காலைக்காக நான் காத்திருப்பேன்.

செந்தூல்வாசி எழுதியது:

அக்கா, புறா ஆர்க்கிட்டை நீங்கள் எழுதியதற்கு நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை. அதன் மணத்தை நான் அறிவேன். மழைக்கும் பூவுக்கும் இடையே இருந்த கணக்கை இன்றுதான் அறிகிறேன்.

மரம் போன கதையைக் கேட்டுச் சிலர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். கிளைப்பணி ஐயா விவரித்ததுதான் நடந்தது. வடிகாலை அகலப்படுத்த வந்தவர்கள் எங்கள் வரிசைப் பக்கம் நீளமாகப் பள்ளம் வெட்டினார்கள். அறுபட்ட வேர்கள் தொடை கனத்தில் மண்ணோடு வெளியே கிடந்தன. அதன்பின் அந்தப் பக்கத்துக் கிளைகள் இலை குறைந்து வந்தன. சாலை விரிவாக்கம் என்று சொல்லி, சில ஆண்டுகளில் மரத்தை எடுத்துவிட்டார்கள். வெட்டிய அன்று எங்கள் வீட்டு முன்னறைக்குள் பிற்பகல் வெயில் அடித்தது. அந்த வீட்டில் நான் அதற்கு முன் அப்படி வெயிலைக் கண்டதே இல்லை. குளிர்ந்த சிமெண்டுத் தரையில் படுத்துறங்கிய தந்தையார் அன்றிலிருந்து கோயில் மண்டபத்துக்குப் போய்ப் படுத்தார். அரட்டை அடிக்க வந்தவர்கள் தத்தம் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே போய்விட்டார்கள். குடியிருப்பு இடிக்கப்படுவதற்கு வெகு முன்பே எங்கள் கூட்டம் கலைந்துவிட்டது என்றே சொல்வேன்.

கெப்போங் நண்பருக்கு ஒரு சொல். ஜெலுத்தோங் மரத்துக்காக அவ்வளவு செலவிட்டதை நானும் போற்றுகிறேன். அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதற்காகத் தூங்குமூஞ்சி மரத்தின் உரிமையைக் குறைத்துச் சொன்னால் மட்டும் மனம் ஒப்பவில்லை. ரயில் பாதை போடவும் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டவும் ஏறத்தாழ அதே காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்த மண்ணில் நூறாண்டு நின்று நிழல் கொடுத்ததை அதன் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

கெப்போங் வாசகன் எழுதியது:

ஏற்கிறேன் ஐயா. புதிதாக நடும்போது உள்நாட்டு மரங்களுக்கு முதலிடம் தர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நிற்பதை வெட்ட வேண்டும் என்பது என் கருத்தன்று.

தண்ணீர்மலையான் எழுதியது:

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தில் 1995இல் மரப் பாதுகாப்புப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பாதுகாப்பு ஆணைக்கு உட்படாத மரமாக இருந்தாலும், அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால் ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பினாங்கு, சிலாங்கூர் போன்ற மாநிலங்களுக்கு இது பொருந்தும். கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் தனித் திட்டமிடல் சட்டம் இருப்பதால், அங்குள்ளவர்கள் மாநகராட்சியிடம் நேரே கேட்க வேண்டும்.

பெற்றோர் சங்கம் எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். சிலாங்கூரில் எங்கள் தமிழ்ப்பள்ளித் திடலில் நிழலே இல்லை. பிள்ளைகள் சபைக்கூடல் வேளையில் வெயிலில் மயங்கி விழுகிறார்கள். ஒரு தூங்குமூஞ்சி மரம் நடலாம் என்று கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம். கிளைப்பணி ஐயா வழிகாட்ட வேண்டும்.

கிளைப்பணி எழுதியது:

நல்ல முடிவு. திடல் பெரிதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். முழுவளர்ச்சியில் 30 மீட்டர் விரியக்கூடியது என்பதால், வகுப்பறைக் கட்டடம், மதில், மின்கம்பி, வடிகால் எதிலிருந்தும் 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நடுங்கள். கட்டடத்துக்கு மேற்கே நட்டால் பிற்பகல் நிழல் வகுப்பறைச் சுவரில் விழும். அடியைச் சுற்றிச் சிமெண்டு பூசுவதும், வட்டத் திண்ணை கட்டுவதும், வண்டி நிறுத்துவதும் கூடாது, புல்லாகவே விடுங்கள்.

கன்று இளமையாக இருக்கும்போதே ஒரு நடுத்தண்டை மட்டும் மேலே போகவிட்டு, ஒரே இடத்தில் நெருங்கிப் பிரியும் கிளைகளைச் சிறியதாக இருக்கையிலேயே எடுத்துவிடுங்கள். பிற்காலத்தில் கிளை பிளக்காமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. தாங்குகோலில் கட்டிய கயிறு பட்டையை இறுக்கிவிடாமல் பார்த்து, தண்டு தானாக நிற்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுங்கள். மொட்டையடிக்கும்படி எவர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இன்னும் நிழல் வேண்டுமென்றால், கெப்போங் நண்பர் விரும்பியபடி மதிலோரம் உள்நாட்டு மரங்கள் சிலவற்றையும் சேர்த்து நடலாம். நடும் நாளைத் தெரிவித்தால், முன்னதாகவே வந்து இடத்தை அளந்து கம்பு ஊன்றித் தருகிறேன், கூலி வேண்டாம்.